இரண்டு வேலிக்கு நடுவே நாலடி

புத்தூர்,
14 ஒக்டோபர் 2024

கலாநிதி றெபேக்கா கிருபைரட்ணம் அவர்களுக்கு,

இன்று காலை ஏழரை மணிக்குத் திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் நின்ற என் லொறியில் ஏறி, மூன்று கட்டுக் குழையை அவிழ்த்து, பலாலி வீதியில் பரப்பிப் பார்த்துவிட்டு, ஒரு கொப்பை முறித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

சாரதி லியோன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் இது நடந்தது. அவன் திரும்பி வந்து, "என்ன அக்கா, மாட்டுக்கோ?" என்று கேட்டானாம். நீங்கள் "இதை எங்கை வெட்டினனீங்கள்?" என்று மூன்று தரம் கேட்டீர்களாம். அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாளைக்கு அவனுக்கு என்னிடம் வேலை இல்லை. பிறகு உங்கள் பெயர் அட்டையைக் கொடுத்து என்னைப் போனில் எடுக்கச் சொன்னீர்களாம்.

குழை உங்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியலாம். புகையிலை நடுவதற்கு முன் தோட்டத்துச் சாலில் போட்டு மண்ணால் மூடுகிற பசுந்தழை அது. உர விலை ஏறின நாளிலிருந்து தோட்டக்காரர் அடிபட்டு வாங்குகிற சரக்கு. அவிழ்த்தால் வாடும். வாடினால் இணுவில் தோட்டக்காரன் பாதி விலைக்குக் கேட்பான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே நட்டம் கேட்கவில்லை. விளக்கம் கேட்கிறேன்.

போனில் நான் முக்கியமான விசயம் கதைப்பதில்லை. போனில் சொன்னதைப் பிறகு யாரும் சொன்னதாக ஒத்துக்கொள்வதில்லை. எழுத்தில் தாருங்கள். லியோன் தினமும் காலையில் பல்கலைக்கழக வாசலைக் கடந்துதான் போகிறான்.

இப்படிக்கு,
சி. தம்பிராசா
குழை, எரு, வைக்கோல் வியாபாரம்


திருநெல்வேலி,
15 ஒக்டோபர்

திரு. தம்பிராசா அவர்களுக்கு,

மன்னியுங்கள். பிழை முழுக்க என்னுடையது. ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சந்தையடியில் நெரிசல். கட்டுக்குள்ளிருந்து ஒரு கொப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காற்றில் இலை திரும்பியபோது அடிப்பக்கம் சாம்பல் பூசியதுபோலத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஸ்கூட்டரை எங்கே விட்டேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. ஒரு கத்தரிக்காய்க்காரர் நிமிர்த்தி வைத்திருந்தார்.

விளக்கம் இதுதான். நான் தாவரவியல் படிப்பிக்கிறேன். ஐந்து வருடமாக இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் என்ன செடிகள் இருக்கின்றன, எவை குறைகின்றன, எவை அழியப்போகின்றன என்று ஊர் ஊராய் நடந்து ஒரு பட்டியல் எழுதுகிறேன். அறுநூற்றுச் சொச்சம் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு கட்டம்: பயமில்லை, ஆபத்து, பெரும் ஆபத்து. கடைசிக் கட்டம் "குடாநாட்டில் அற்றுப்போனது". அதற்குள் என் கையாலேயே பதினேழு பெயர் எழுதியிருக்கிறேன்.

உங்கள் லொறியில் வந்தது அதில் பதினோராவது!

இங்கே அதைக் கடைசியாகப் பறித்தவர் ஒரு மிஷன் வைத்தியர், நூற்றிருபது வருடத்துக்கு முன். அவர் ஒட்டிவைத்த ஒற்றைத் தாளைத்தான் நான் பார்த்திருக்கிறேன், காய்ந்து பழுப்பாகி, இரண்டு இலை உதிர்ந்து. அதே செடி பச்சையாக, பூவோடு, தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிற்கிறது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். லியோன் அதற்குத்தான் பயந்திருப்பார்.

பட்டியலை நவம்பர் முப்பதாம் திகதி ஒப்படைக்கவேண்டும். லொறியில் கண்ட கொப்பை வைத்து "உயிரோடிருக்கிறது" என்று எழுத முடியாது. வேரோடு நிற்கிற இடத்தை என் கண்ணால் பார்க்கவேண்டும். எங்கே வெட்டினீர்கள்? அந்தக் கட்டுகளின் மிச்சம் எங்கே?

செடியின் பெயரை நான் எழுதவில்லை என்று கோபிக்கவேண்டாம். இந்தக் கடிதம் லொறியில் வருகிறது. அரிய செடி என்றால் பெயரை வைத்தே தேடிவந்து பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

றெபேக்கா


புத்தூர்,
17 ஒக்டோபர்

பிள்ளை,

கலாநிதி என்று இரண்டாந்தரம் எழுத எனக்குக் கை வரவில்லை. என் கடைசித் தங்கச்சியின் வயதிருக்கும் என்று லியோன் சொன்னான்.

மிச்சம் மண்ணுக்குள். திங்கட்கிழமையே இணுவிலில் தாட்டாயிற்று.

நல்ல வேடிக்கை. நீங்கள் பெயர் சொல்லமாட்டீர்கள், நான் மட்டும் இடம் சொல்லவேண்டும். ஒரு கையைப் பொத்திக்கொண்டு மறுகையை நீட்டுகிற ஆட்களோடு நான் கொடுக்கல் வாங்கல் வைப்பதில்லை. பத்தொன்பது வயதில் சைக்கிள் கரியரில் நாலு கட்டோடு தொடங்கினவன் நான். இன்று இரண்டு லொறி, வெட்டுக்குப் பதினாறு பேர். என்னோடு தொடங்கினவர்கள் எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், ஆனால் வாய் நீளம். சரக்கு எங்கேயிருந்து வருகிறது என்று கல்யாண வீட்டில் வைத்துச் சொன்னவன் அடுத்த கிழமை அந்த இடத்தில் இன்னொருத்தனின் கத்தியைக் கண்டான். நான் என் மனிசிக்கும் சொல்வதில்லை.

ஆனாலும் படித்த பிள்ளை அந்தரப்படுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். அந்தக் கட்டு வன்னியில், மாங்குளத்துக்கு அங்கால், காட்டுக்கரையில் வெட்டினது. அங்கே ஏக்கர் கணக்கில் கிடக்கும். பயப்படாமல் எழுதுங்கள்.

ஒரு கேள்வி. அந்தச் செடியால் என்ன பாவனை, என்ன பிரயோசனம்? சீனி வருத்தத்துக்குக் கேட்குமோ? கேட்குமென்றால் சொல்லுங்கள். ஒரு வருடத்தில் பத்துப் பரப்புக் காணியில் நட்டுக் காட்டுகிறேன்.

தம்பிராசா


திருநெல்வேலி,
19 ஒக்டோபர்

தம்பிராசா அண்ணைக்கு,

மாங்குளம் இல்லை.

நான் கொண்டுவந்த கொப்போடு ஒரு பூவரசங் கொப்பும் சிக்கி வந்தது. அதன் பட்டையில் முள்ளுக்கம்பி இறுக்கின தழும்பு இருக்கிறது. காட்டுக்கரையில் பூவரசுக்கு யார் கம்பி கட்டினது? அது கதியால், வேலிக்கு ஊன்றுகிற தடி. அது ஒரு வீட்டு வேலி. இன்னொன்றும் உண்டு. இந்தச் செடியின் பூ, வெட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் கவிழ்ந்துவிடுகிறது. நான் வைத்துப் பார்த்தேன். உங்கள் லொறியில் பூ நிமிர்ந்து நின்றது. ஆகவே திருநெல்வேலியிலிருந்து அரை மணித்தியால ஓட்டத்துக்குள் ஒரு வேலி. சரியா?

பாவனை கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன்: ஒன்றும் தெரியாது. மருந்துக்கு ஆகுமா, மாடு தின்னுமா, சாயம் இறங்குமா, ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்குமுன்னே காணாமற் போய்விட்டது. "பாவனை இல்லை" என்பதும் "பாவனை தெரியாது" என்பதும் ஒன்றல்ல என்று ஒரு வியாபாரிக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி ஒரு குற்ற ஒப்புதல். வெள்ளிக்கிழமை இணுவிலுக்குப் போனேன். தோட்டக்காரரிடம் கேட்டு, நீங்கள் தாட்ட குழையைக் கிண்டினேன். இரண்டு சால். அந்த மனிசன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று, "பிள்ளை, குழையைத் தாழ்க்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன், தாட்டதைக் கிண்டுற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார். பிறகு தானும் இறங்கிக் கிண்டினார். முழங்கால்வரை சேறு, ஒரே நாற்றம், எனக்கு அப்படியொரு சந்தோசம். பதினொரு துண்டு கிடைத்தது!

பதினொன்றும் ஆண். இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு, பப்பாசி மாதிரி. பெண் இல்லையென்றால் விதை இல்லை. விதை இல்லையென்றால் இப்போது நிற்பதோடு கதை முடிந்தது.

அடுத்த வெட்டு எப்போது? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

றெபேக்கா


புத்தூர்,
22 ஒக்டோபர்

பிள்ளை,

இணுவில் தோட்டக்காரர் என்னைப் போனில் எடுத்து, "தம்பிராசா, உன்ரை குழைக்குள்ளை தங்கம் கிங்கம் கிடக்கோ?" என்று கேட்டார். பக்கத்தில் நாலு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. முப்பத்தெட்டு வருட வியாபாரத்தில் என் சரக்கைக் கிண்டிப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான். எனக்குக் கோபம் வந்தது என்பதை எழுத்தில் பதிகிறேன்.

கம்பித் தழும்பைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்லாமலிருப்பதே ஒரு மறுமொழி என்று உங்களுக்கு விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமை நானே தனியப் போய்ப் பார்த்தேன். இவ்வளவு காலம் அந்த இடத்தில் நான் குழையைத்தான் கண்டேன், செடியைக் காணவில்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் சாம்பல் நிறமாய் ஒன்பது கண்டேன். பிறகு மற்றப் பக்கத்தால் போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்று, கொஞ்சம் பெரிது. என் வயதுக்கு முள்ளுக்குள் குனிந்து போனது பெரிய காரியம். வேட்டி கிழிந்தது. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கொப்பு முறித்து, ஈரக் கடதாசியில் சுற்றி லியோனிடம் தந்திருக்கிறேன்.

அடுத்த வெட்டு இல்லை. நான் வெட்டாவிட்டாலும் அது மிஞ்சாது. நவம்பர் இருபதாம் திகதி நல்லநாள் பார்த்திருக்கிறார்கள். வேலியைப் பிடுங்கி மதில் கட்டப்போகிறார்கள். பத்துப் பூச்சாடி நான் வாங்கித் தருகிறேன். அதற்கு முன் கிளப்பி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் என்னால் ஏலாது.

தம்பிராசா


திருநெல்வேலி,
23 ஒக்டோபர்

அண்ணை!

மற்றப் பக்கத்துக் கொப்பு பெண். பிஞ்சோடு இருக்கிறது, மிளகு அளவில் ஆறு பிஞ்சு. வேட்டி கிழிந்ததற்கு ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார். ஆய்வுகூடத்தில் இருந்த எல்லாருக்கும் நான் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன், என்னத்துக்கு என்று சொல்லாமலே.

ஆனால் சாடி உதவாது. கிண்டி எடுத்த பதினொரு துண்டையும் வேர்விடவைக்கப் பார்த்தேன். பதினொன்றும் அழுகிவிட்டது. நிற்கிற செடிகளின் வேர் சுண்ணாம்புக் கல் வெடிப்புக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கிளப்பினால் சாகும். அந்த ஒரு பெண் செடி செத்தால் அவ்வளவுதான். பிஞ்சு பழுக்க மாசி வேண்டும். மாசிவரை வேலி நிற்கவேண்டும், அதற்குப் பிறகும் நிற்கவேண்டும். நீங்கள் வருடம் வருடம் பூக்கிற நேரத்தில் வெட்டியதால்தான் அங்கே கன்று ஒன்றுகூட இல்லை. இது குறையாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறையாகத்தான் சொல்கிறேன்.

இருபத்தெட்டு நாள் இருக்கிறது. நீங்கள் இடம் சொல்லாவிட்டால் நான் ஒவ்வொரு வேலியாகப் போவேன். கோப்பாய், இருபாலை, நீர்வேலி, உரும்பிராய். அதுவும் போதாவிட்டால் பத்திரிகையில் இலையின் படத்தைப் போட்டு, கண்டவர்கள் அறிவிக்கவும் என்று கேட்பேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

றெபேக்கா


புத்தூர்,
24 ஒக்டோபர்

பிள்ளை,

பத்திரிகையில் போடவேண்டாம். தயவுசெய்து போடவேண்டாம். போட்டால் பின்னேரத்துக்குள் ஊரே வேலிக்குள் நிற்கும், ஆளுக்கொரு கொப்பாக முறித்து வீட்டுக்குக் கொண்டுபோகும். என் காரணம் வேறு. அதையும் எழுதுகிறேன். வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

இடம் கோப்பாய். ஒரு பக்கம், ஒன்பது நிற்கிற பக்கம், பள்ளிக்கூடத்தில் படிப்பித்த குணலட்சுமி ரீச்சர். மற்றப் பக்கம் அவவின் சித்தப்பா மகன் அருளம்பலத்தார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு எல்லைக்காகச் சண்டை பிடித்தார்கள். ரீச்சர், இதுதான் என் எல்லை என்று ஒரு வேலி போட்டா. அருளம்பலத்தார், இல்லை இதுதான் என்று நாலடி தள்ளி இன்னொரு வேலி போட்டார். வழக்குப் போனது. தீரும்வரை நடுவிலுள்ள நாலடிக்குள் இரண்டு பேரும் கால் வைக்கக்கூடாது என்று கட்டளை. நூற்றெண்பது அடி நீளம், நாலடி அகலம், முப்பத்தொரு வருடம் அவர்கள் கால் படாமல் கிடக்கிறது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தார்கள், வீடு உடைந்து திரும்பக் கட்டினார்கள், அந்த நாலடியில் மட்டும் ஒருத்தரும் கைவைக்கவில்லை. உங்கள் செடியைக் காப்பாற்றினது அந்தச் சண்டைதான்.

அவர்கள் தொடக்கூடாது. ஆனால் வெளி ஆள் மேலால் வளர்ந்ததை வெட்டலாந்தானே? நான் ரீச்சரிடம் போய் விலை பேசினேன். "அவருக்குத் தெரியவேண்டாம் ரீச்சர், தெரிஞ்சா வழக்குக்குப் போவார்" என்றேன். அதே கிழமை அருளம்பலத்தாரிடம் போய் அதே நாலடிக்கு விலை பேசினேன். "அக்காவுக்குத் தெரியவேண்டாம் அண்ணை" என்றேன். வாங்கின காசை இரண்டு பேரும், நாலடி தன்னுடையதுதான் என்பதற்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். நாலு வருடமாக இப்படி. களவில்லை, இரண்டு பேருக்கும் ஒழுங்காகக் கொடுத்தேன். ஆனால் வெளியே வந்தால் கோப்பாயில் என் லொறி போகாது. கோப்பாயில் போகாவிட்டால் வேறெங்கும் போகாது. வேலி வியாபாரம் முழுக்க முகத்தில்தான் நடக்கிறது.

போன மாதம் அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து பேசி, ஆளுக்கு இரண்டடி, நடுவில் ஒரு மதில் என்று முடிவு. முப்பத்தொரு வருடம் சண்டை பிடித்தவர்கள் இன்னும் ஒரு வருடம் பிடித்திருக்கக்கூடாதோ?

தம்பிராசா


திருநெல்வேலி,
25 ஒக்டோபர்

தம்பிராசா அண்ணைக்கு,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதற்கு முன் மூன்று தரம் வாசித்தேன். மன்னியுங்கள், சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

பத்திரிகை விசயம் கோபத்தில் எழுதினது. நான் போடமாட்டேன். எங்கள் தொழிலிலும் அப்படியொரு விதி இருக்கிறது. இவ்வளவு அரிதான செடி என்றால் பட்டியலில் "யாழ்ப்பாணக் குடாநாடு" என்று மட்டும்தான் எழுதுவோம். ஊர் எழுதமாட்டோம், வீதி எழுதமாட்டோம், படத்தில் பின்னால் வீடு தெரிந்தால் வெட்டிவிடுவோம். நீங்கள் மனிசிக்கும் சொல்வதில்லை என்று எழுதியபோது எனக்குள்ளே, அட, இந்த மனிசனுக்கு என் வேலையைக் கொடுக்கலாமே என்று நினைத்தேன்.

ஆகவே இடம் என்னோடு நிற்கும். ஆனால் அவர்கள் இருவரிடமும் யாராவது கதைக்கவேண்டும். நான் போனால், எங்களுடைய வேலிக்குள் என்ன நிற்கிறது என்று உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கொப்பைக் காட்டினால் யார் வெட்டினது என்று கேட்பார்கள். எந்தப் பக்கத்தால் போனாலும் உங்களிடம்தான் வந்து நிற்கிறது. முதலில் சொல்லவேண்டியவர் நீங்கள். அது உங்களுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்.

ஒன்பது ஆண் ரீச்சர் பக்கம். ஒரே ஒரு பெண் அருளம்பலத்தார் பக்கம். இரண்டு பேரில் ஒருவர் மாட்டேன் என்றாலும் முடிந்தது.

றெபேக்கா


புத்தூர்,
4 நவம்பர்

பிள்ளை,

தீபாவளி கழிய, ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். இரண்டு பேரையும் மதில் அளக்கிற சாட்டில் வேலியடிக்கு வரவைத்தேன். வீட்டில் தேத்தண்ணி குடிக்காமலே போனேன்.

ரீச்சர் முதலில் கேட்டா: "அப்ப, என்ரை வேலியை நீ அவனிட்டையும் வாங்கினனியோ?"

"ஓம் ரீச்சர்."

அருளம்பலத்தார்: "அக்காவுக்குத் தெரிஞ்சா வழக்குக்குப் போவா எண்டு எனக்குச் சொன்னனியெல்லே?"

"ஓம் அண்ணை. அவவுக்கும் அதைத்தான் சொன்னனான்."

பிறகு ரீச்சர் அந்த மனிசனைப் பார்த்து, "தம்பி, உவனை என்ன செய்வம்?" என்றா. முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு அவரைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல்தரம் போலிருக்கிறது. அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு ஏச்சு விழுந்தது. இரண்டு பேரும் மாறி மாறி, ஒருத்தர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து. எழுத்தில் வைக்க ஏலாது.

ஏசி முடிய நான் செடியைப் பற்றிச் சொன்னேன். நூற்றிருபது வருடம், மிஷன் வைத்தியர், பதினோராவது பெயர், எல்லாம். ஆண் இந்தப் பக்கம், பெண் அந்தப் பக்கம் என்றும் சொன்னேன். அதில்தான் காரியம் கெட்டது.

அருளம்பலத்தார் நெஞ்சை நிமிர்த்தி, "அப்ப பெறுமதியான சாமான் என்ரை பக்கம்" என்றார்.

"ஒன்பது இல்லாமல் உன்ரை ஒண்டு காய்க்குமோ?" என்றா ரீச்சர்.

"ஒண்டு இல்லாமல் உங்கடை ஒன்பதும் என்னத்துக்கு அக்கா? விறகுக்கோ?"

"வாயை அளந்து கதை."

"நீங்கள் காணியை அளந்து கதையுங்கோ!"

கால் மணித்தியாலத்தில் மதிலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வழக்கைத் திரும்ப எடுக்கிறேன் என்று இரண்டு பேரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இப்போது கவனமாக வாசியுங்கள். வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. வழக்குத் திரும்ப எடுபட்டால் நாலடிக்குள் திரும்பவும் ஒருத்தரும் கால் வைக்க ஏலாது. செடி தப்பும். நாங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. நான் அங்கே ஒரு சொல், இங்கே ஒரு சொல் போட்டுக்கொண்டிருந்தால் போதும். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. நீங்கள் ஓம் என்றால் செய்கிறேன்.

தம்பிராசா


திருநெல்வேலி,
5 நவம்பர்

அண்ணை,

வாசித்தவுடன் துள்ளினேன். ஐந்து நிமிடம் உங்களை மகா புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு என்னைப் பற்றியே வெட்கமாகிவிட்டது.

வேண்டாம். "தம்பி" என்று கூப்பிட்டதற்குக் கண் கலங்கின மனிசனை ஒரு செடிக்காக மறுபடி கொளுவிவைக்க என்னால் ஏலாது. அதைவிட, கணக்காகப் பார்த்தாலும் அது பிழை. இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது என்று நினைக்கிறேன். சண்டையை நம்பி நிற்கிற வேலி, அவர்களோடு போய்விடும். பிறகு வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் காணியை விற்பார்கள், வாங்குகிறவன் ஒரே நாளில் இயந்திரம் விட்டு வழித்துவிடுவான். இந்தச் செடிக்குச் சண்டை காவல் நின்றது போதும். இனி யாராவது தெரிந்துகொண்டு காவல் நிற்கவேண்டும்.

சனிக்கிழமை நான் வருகிறேன். பூதக்கண்ணாடி கொண்டுவருகிறேன். இவ்வளவு நாளும் நாங்கள் இரண்டு பேரும் அந்தச் செடியைப் பற்றிப் பேசினோமே தவிர, அதை வைத்திருக்கிற இரண்டு பேரும் அதன் பூவைக் கண்டதில்லை. ரீச்சருக்குப் பெண் பூவைக் காட்டுவேன். அருளம்பலத்தாருக்கு ஆண் பூவைக் காட்டுவேன். மற்றது நீங்கள் சொல்லித்தாருங்கள்: இரண்டு பேரும் தோற்கவும்கூடாது, இரண்டு பேரும் வெல்லவும்கூடாது என்றால் வியாபாரத்தில் என்ன செய்வீர்கள்?

றெபேக்கா


புத்தூர்,
11 நவம்பர்

பிள்ளை,

சனிக்கிழமை நீங்கள் உள்ளே நின்றபடியால் வெளியே நடந்தது உங்களுக்குத் தெரியாது. எனக்கு இரண்டு வளவுக்குள்ளும் தடை. ஒழுங்கையில் லொறிக்குப் பக்கத்தில் நின்றேன். வேலி அடர்த்தி, உங்கள் சத்தம் மட்டும்தான் கேட்டது. "மெதுவா, மெதுவா, காலைப் பாத்து வையுங்கோ" என்று சொல்லிக்கொண்டேயிருந்தீர்கள். பிறகு சத்தமே இல்லை. கன நேரம். நான் பயந்துபோய், "லியோன், ஏறிப் பாரடா" என்றேன். அவன் லொறிக் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணை, மூண்டு பேரும் நிலத்திலை முழங்காலிலை நிக்கினம். அந்த அக்கா அழுறாவோ சிரிக்கிறாவோ தெரியேல்லை. அருளம்பலத்தார் கண்ணாடியைக் குடுக்கமாட்டன் எண்டு நிக்கிறார், ரீச்சர் பறிக்கிறா."

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, விலை படியப்போகிறது என்று.

நீங்கள் பட்டியல் விசயமாக அவசரமாகப் பேராதனை பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். நான் நின்றேன். இரண்டு பேரும் என்னை உள்ளே விடவில்லை, ஆனால் பேசவேண்டாம் என்று சொல்லவில்லையே. ஒழுங்கையில் நின்றபடியே, வேலிக்கு மேலால், ஒரு மணித்தியாலம் பேரம் பேசினேன். என் வாழ்நாளில் இப்படியொரு பேரம் பேசியதில்லை. வியாபாரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே சாமான் வேண்டுமென்றால் அந்தச் சாமானை நடுவில் வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் வேறொன்றை விற்கவேண்டும். நான் மதிலை விற்றேன். தொண்டை கட்டிவிட்டது, ஆகவேதான் சுருக்கமாக எழுதுகிறேன். பேசி முடிந்தது இது.

நடுவில் மதில் இல்லை. ரீச்சர் தன் வேலிக்கு உட்பக்கம் தன் மதில், அருளம்பலத்தார் தன் வேலிக்கு உட்பக்கம் தன் மதில், இரண்டும் ஒரே உயரம், ஒரு கல்லும் கூடக்கூடாது. இடையில் நாலடி அப்படியே. மதிலால் வெயில் மறையும் என்று நீங்கள் சொல்வீர்கள் என்று நினைத்து, இடுப்பளவு கல், அதற்கு மேல் கம்பி வலை என்று சொல்லிவிட்டேன்.

நாலடிக்கு ஒரு படலை, ஒழுங்கைப் பக்கமாக. அதற்கு இரண்டு பூட்டு, ஒரு திறப்பு ரீச்சரிடம், ஒன்று அருளம்பலத்தாரிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் திறபடும். நீங்கள் போவதென்றாலும் அப்படித்தான். இந்த யோசனை ரீச்சருடையது. தம்பியோடு நெடுகவும் கோபமாயிருக்க எனக்கினி நேரமில்லை என்றா.

காணியை விற்றாலும், பிள்ளைகளுக்கு எழுதினாலும், நாலடி சேராது என்று உறுதிப் பத்திரத்தில் எழுதப்படும். இரண்டு பேரும் ஒரே நொத்தாரிசிடம் போவார்கள், புதன்கிழமை, என் செலவில், என் லொறியில். முன் சீற்றில்.

நான் இனி அங்கே ஒரு இலையும் வெட்டுவதில்லை. இரண்டு பேரையும் ஏமாற்றினதற்குத் தண்டம்: இரண்டாவது மதிலின் கல்லும் சீமெந்தும் என்னுடையது. நாலு வருடம் இணுவிலுக்கு ஏற்றினதில் உழைத்தது கொஞ்சம் கோப்பாயில் இறங்கட்டும்.

பிஞ்சு பழுத்தால் விதையில் பாதி உங்கள் பல்கலைக்கழகத் தோட்டத்துக்கு, பாதி அந்த மண்ணுக்கு. மண்ணுக்கு விழுகிற பாதி எந்தப் பக்கத்தில் முளைத்தாலும், அது யாருடையது என்று இரண்டு பேரும் கேட்பதில்லை.

ஊர் பெயர் பட்டியலில் வராது. எங்கள் மூன்று பேரின் பெயரும் எங்கும் வராது.

தரகு. தரகில்லாமல் நான் ஒன்றும் முடித்ததில்லை. என் தரகு, அந்தச் செடியின் பெயர். மாசியில் பழம் பார்க்க வரும்போது தரவும். எழுத்தில் வேண்டாம். வாயால் சொன்னால் போதும்.

சி. தம்பிராசா